பழைய செவர்லே பிக்கப்பின் கேபினை அசல் நிலைக்குக் கொண்டுவருதல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பழைய பிக்கப் வாங்குகிற எல்லோரையும் போல நானும் முதலில் எஞ்சினைத்தான் கவனித்தேன். அது ஓடத் தொடங்கிய பிறகு, இனி மிஞ்சியிருப்பது கேபினின் உள்பகுதிதானே, அது சில வார இறுதிகளில் முடிந்துவிடும் என்று எண்ணி, பாகங்கள் விற்கும் நிறுவனமொன்றின் விலைப்பட்டியலில் ‘1947–53 செவர்லே பிக்கப்புக்கு’ என்று அச்சிட்டிருந்த கைப்பிடிகள், குமிழ்கள், தரை விரிப்பு, மீட்டர் முகப்பு ஆகியவற்றை ஒரே மாலையில் 600 டாலருக்கு வாங்கினேன். வந்தவை அனைத்தும் என் 1951ஆம் ஆண்டு வண்டியில் பொருந்தின. ஆனால் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை அந்த வண்டிக்கு உரியவை அல்ல. பொருந்துவதும் உரியதாக இருப்பதும் வேறு வேறு என்பதைப் பணம் கொடுத்துத்தான் அறிந்துகொண்டேன்.

தவறு விலைப்பட்டியலில் மட்டும் இல்லை. என் வண்டிக்குள் முன்பே இருந்த அரக்கு நிறக் குமிழ்களையும் 90 மைல் வரை எண்ணிட்ட வேகமானியையும் அசல் என்று நம்பி, அவற்றுக்கு இணையானவற்றையே தேடினேன். அவை முந்தைய உரிமையாளர் ஒருவர் பிற்காலத்து வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டியவை என்பது ஏழு மாதம் கழித்துத் தெரிந்தது. ஆகவே, ஒரு பாகம் அசலா என்று தீர்மானிக்க நான் இப்போது மூன்று சாட்சிகளைக் கேட்கிறேன்: வண்டியின் உற்பத்தி மாதம், தொழிற்சாலை ஆவணம், வண்டியிலேயே மறைந்திருக்கும் தடயம். மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் பணத்தை வெளியே எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரை ‘அட்வான்ஸ் டிசைன்’ எனப்படும் 1947 முதல் 1955 முற்பகுதி வரையிலான செவர்லே பிக்கப்களைப் பற்றியது. ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகளுக்கு ஆண்டுகளும் அடையாளங்களும் மாறும். வேலையின் வரிசை மாறாது.

1. வண்டியின் ஆண்டையும் மாதத்தையும் உறுதிசெய்தல்

ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய உலோகத் தகட்டைப் படியுங்கள். 1952 வரையிலான வண்டிகளில், அதில் முதலில் வரும் எண் தொழிற்சாலையைக் குறிக்கும்: 1 என்றால் ஃப்ளின்ட், 3 என்றால் செயின்ட் லூயிஸ், 5 என்றால் கான்சாஸ் சிட்டி, 6 என்றால் ஓக்லண்ட். அடுத்துவரும் இரண்டு எழுத்துகளில் முதலாவது ஆண்டையும் இரண்டாவது எடைப் பிரிவையும் சொல்லும். அரை டன் வண்டிக்கு 1949இல் ஜி.பி., 1950இல் எச்.பி., 1951இல் ஜே.பி., 1952இல் கே.பி. என்று அது அமையும். அதற்கடுத்த எழுத்து மாதம். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். மீதமுள்ளது வரிசை எண். என் தகட்டில் மாத எழுத்து எஃப், அதாவது வண்டி ஜூன் மாதம் கட்டப்பட்டது.

இந்த மாத எழுத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்த வரிசையில் பல மாற்றங்கள் ஆண்டின் நடுவிலேயே செய்யப்பட்டன என்பதால், 1952 மார்ச்சில் கட்டிய வண்டிக்கும் அதே ஆண்டு அக்டோபரில் கட்டிய வண்டிக்கும் உள்ளே குமிழின் நிறமே வேறாக இருக்கலாம்.

உரிமைப் பத்திரத்தில் உள்ள ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் சில மாநிலங்களில் வண்டி விற்பனையான ஆண்டையே பத்திரத்தில் எழுதினார்கள். சில மாநிலங்களில் தகட்டு எண்ணுக்குப் பதிலாக எஞ்சின் எண்ணைக் கொண்டு பதிவுசெய்தார்கள். எழுபது ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருந்தால், பத்திரத்தில் இருக்கும் எண் வண்டியில் எங்குமே இருக்காது. தகடும் பத்திரமும் ஒத்துப்போகவில்லை என்றால், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றுவதற்கு முன் உங்கள் மாநில வாகனத் துறையில் அதைச் சரிசெய்துவிடுங்கள். வேலை பாதியில் நிற்கும்போது, பிரித்துப் போட்ட வண்டியை அதிகாரி வந்து சரிபார்ப்பது எவ்வளவு சிக்கலானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எச்சரிக்கை ஒன்று: கேபினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தகட்டைக் கழற்றாதீர்கள். வாகன அடையாள எண்ணைச் சிதைப்பதும் அகற்றுவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் குற்றம். பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டென்றாலும், அதை நீங்கள் நிரூபிக்க நேரிடும். மேலே நாடா ஒட்டி மறைத்துவிட்டுப் பெயின்ட் அடிப்பதே போதும்.

2. எந்த ஆண்டில் எது மாறியது என்று தெரிந்துகொள்ளுதல்

கேபினைப் பொறுத்தவரை நினைவில் இருத்த வேண்டிய மாற்றங்கள் இவை. மூன்று கியர் வண்டிகளில் கியர் கம்பி 1948இல் தரையிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு நகர்ந்தது. 1949இல் பெட்ரோல் டாங்கி கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்த நிலையில் வந்தது. 1951இல் கதவுகளில் முக்கோணக் காற்றுக் கண்ணாடிகள் வந்தன. 80 மைல் வேகமானிக்கும், கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் குரோம் பூசிய கைப்பிடிகளுக்கும், குரோம் வைப்பர் குமிழுக்கும் அதுவே கடைசி ஆண்டு. 1952இல் வெளிக் கதவுப் பிடி அழுத்தும் பொத்தான் வகையானது, வேகமானி 90 வரை நீண்டது, டேஷ்போர்டு அலங்காரப் பட்டைகளில் குரோமுக்குப் பதில் பெயின்ட் வந்தது; அந்த ஆண்டின் நடுவில்தான் அரக்கு நிறக் குமிழ்கள் தொடங்கின. 1953இல் கதவுத் தூண் தகடு கறுப்பிலிருந்து நீலத்துக்கு மாறியது. 1954இல் ஒற்றை வளைவு முன்கண்ணாடி, புதிய டேஷ்போர்டு, புதிய ஸ்டீயரிங் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தன; அதனால் 1954, 1955 முற்பகுதி வண்டிகளின் டேஷ்போர்டுச் சாமான்கள் முந்தைய ஆண்டுகளுக்கு உதவா.

இந்தப் பத்தியைத் தாளில் எழுதி, வேலை செய்யும் இடத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். இதை முன்பே ஒட்டியிருந்தால் என் 600 டாலரில் பாதி மிஞ்சியிருக்கும்.

ஆண்டு மாற்றம் என்பது ஜனவரி முதல் தேதி காலையில் நிகழ்வதன்று. இருப்பில் உள்ள பாகம் தீரும்வரை தொழிற்சாலை பழையதையே பூட்டும். எனவே மாற்றம் நிகழ்ந்த காலத்தை ஒட்டிக் கட்டப்பட்ட வண்டியில் ஆவணத்தைவிட வண்டியின் தடயத்துக்கே அதிக எடை கொடுங்கள்.

3. கழற்றுவதற்கு முன் பதிவுசெய்தல்

கேபினைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன்பே படம் எடுங்கள். குப்பையென்று நாம் தூக்கியெறிவதில்தான் அசல் துணியின் நூலும் உள்கூரை அட்டையின் துண்டும் கிடக்கும். நான் எடுத்த 300 படங்களில் பிறகு எனக்குப் பயன்பட்டவை ஏறத்தாழ 40. ஆனால் எந்த 40 என்பது எடுக்கும்போது தெரியாது. ஒவ்வொரு பாகத்தையும் தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று, கழற்றிய பின் அதன் முதுகுப்புறம் ஒன்று எனக் குறைந்தது மூன்று படங்கள் எடுங்கள். முதுகுப்புறப் படத்தைத்தான் எல்லோரும் மறக்கிறோம். பாக எண்ணும் தயாரிப்பாளர் முத்திரையும் பெரும்பாலும் அங்குதான் இருக்கும்.

ஸ்க்ரூக்களைத் தனித்தனிப் பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதி வையுங்கள். செவர்லேயைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் தலையில் வண்ணத்துப்பூச்சி வடிவப் பள்ளம் கொண்ட ‘கிளட்ச் ஹெட்’ ஸ்க்ரூக்களைப் பரவலாகப் பயன்படுத்தியது. சாதாரணத் திருப்புளியை வைத்து அழுத்தினால் பள்ளம் சிதையும். பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கென உள்ள முனைகள் சில டாலருக்குக் கிடைக்கின்றன. முதல் நாளே வாங்குங்கள். கேபினில் இந்த ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தால், அந்த இடத்தில் யாரோ ஒருமுறை கைவைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் வேகமானியை முதலில் காட்டிக்கொடுத்தவை அப்படிப்பட்ட இரண்டு ஸ்க்ரூக்கள்தாம்.

சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள்ளும் உள்கூரைக்கு மேலும் எலிக்கூடு இருப்பது அநேகமாக உறுதி. அதைத் துடைப்பத்தாலோ வேக்குவத்தாலோ உலர்வாகக் கிளறாதீர்கள். அமெரிக்காவின் சில பகுதிகளில் எலிக் கழிவின் தூசியிலிருந்து ஹன்டா வைரஸ் தொற்றும். கதவுகளைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் விட்டு, பத்தில் ஒரு பங்கு பிளீச் கலந்த நீரால் நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு ஈரமாகவே அள்ளுங்கள். எஞ்சின் தடுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய இன்சுலேஷன் அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்றும், பழைய பெயின்ட்டில் ஈயம் உண்டு என்றும் வைத்துக்கொண்டு, இரண்டையும் உலர்வாகத் தேய்ப்பதைத் தவிருங்கள்.

4. மறைவிடங்களில் அசலைத் தேடுதல்

இந்த வேலையின் மிக இனிய பகுதி இதுதான், செலவும் இல்லை. வெயிலும் கையும் படாத இடங்களில்தான் தொழிற்சாலை விட்டுச்சென்றது அப்படியே இருக்கும்.

நிறத்துக்கு: கையுறைப் பெட்டியின் அட்டை உறையைக் கழற்றினால் அதன் பின்னாலுள்ள டேஷ்போர்டு உலோகம், மீட்டர் கூட்டின் விளிம்புக்கு அடியில், ஹீட்டர் தாங்கிக்கு அடியில், கதவுக் கைப்பிடி வில்லைக்கு அடியில் பாருங்கள். மறைவிடத்திலும் மேலே பெயின்ட் பூசியிருந்தால், ஒரு நாணய அளவு இடத்தை 600ஆம் எண் நீர் உப்புத்தாளால் வட்டமாக மெல்லத் தேய்த்துவாருங்கள். மர ஆண்டுவளையம்போல ஒவ்வோர் அடுக்கும் தனித்தனி வளையமாகத் தெரியும். அடிப்பூச்சுக்கு உடனே மேலே இருக்கும் வளையமே தொழிற்சாலை நிறம். பிறகு 1500ஆம் எண் தாளும் பாலிஷும் போட்டுத் தெளிவாக்கினால், பெயின்ட் கடையின் நிறமானி அதைப் படித்துக்கொள்ளும். அவர்கள் கேட்காமலேயே மேலே பளபளப்பான கிளியர் பூச்சு சேர்க்கப் பார்ப்பார்கள். அது அந்தக் காலத்தில் கிடையாது. ஒற்றைப் பூச்சு எனாமல் கேளுங்கள்.

சீட்டுக்கு: மேலுறை எத்தனை முறை மாற்றப்பட்டிருந்தாலும், அடிச்சட்டத்தில் உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களில் முதல் உறையின் கிழிசல் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. பின்னர் வந்த தையல்காரர்கள் பழையதைப் பிய்த்தெடுத்துவிட்டு, வளையத்தில் மாட்டியிருந்த துணுக்கை விட்டுவிடுவார்கள். எனக்குக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு ரெக்சின் துண்டும், ஓரப் பைப்பிங்கின் இரண்டு அங்குலமும் கிடைத்தன. தோலின் வரிவடிவம், நிறம், துணி அடித்தளம், பைப்பிங்கின் தடிமன் ஆகிய நான்கையும் அந்தத் துண்டே சொல்லிவிட்டது. அதற்கடியில் பஞ்சு அடுக்கு, சாக்குத் துணி, ஸ்பிரிங் என்ற வரிசை கலையாமல் இருந்தால் அதையும் அளந்து வரைந்து வையுங்கள். நுரைப்பஞ்சு நிரப்பிய சீட்டின் வடிவம் எவ்வளவு முயன்றாலும் அந்தப் பழைய மேடுபள்ளத்தைக் கொண்டுவராது.

உள்கூரைக்கு: அட்டையைப் பிடிக்கும் உலோகப் பட்டைகளின் மடிப்புக்குள் விளிம்புத் துண்டுகள் தங்கியிருக்கும். தரைக்கு: ரப்பர் விரிப்பு போய்விட்டாலும் அதன் விளிம்பு பெயின்ட்டில் ஒரு கோடாகப் பதிந்திருக்கும்; விரிப்பு எதுவரை ஏறியிருந்தது என்பதை அது காட்டும்.

துளைகளும் பேசும். ஹீட்டரும் ரேடியோவும் எல்லா வண்டிகளிலும் வந்தவை அல்ல. வேண்டுவோர் கூடுதல் விலைக்கு வாங்கியவை. கேபின் காற்றையே சுற்றிவிடும் ஹீட்டருக்கும் வெளிக்காற்றை இழுக்கும் ஹீட்டருக்கும் தடுப்புச் சுவரில் துளைகள் வேறு இடங்களில் இருக்கும். அச்சில் அழுத்தி வெட்டிய துளையின் விளிம்பு சீராகவும், அதன்மேல் தொழிற்சாலைப் பெயின்ட் படிந்தும் இருக்கும். பின்னர் ஒருவர் டிரில்லால் போட்ட துளையின் விளிம்பு வெற்று உலோகமாகவோ துருவாகவோ இருக்கும். என் வண்டியில் ரேடியோவுக்கான தடயம் எதுவும் இல்லை. ஆகவே, ஆசை இருந்தும் ரேடியோ வாங்கவில்லை.

5. ஆவணங்களைச் சேர்த்தல்

வாங்க வேண்டியவை நான்கு. முதலாவது, தொழிற்சாலை அசெம்ப்ளி கையேடு. எந்த ஸ்க்ரூ எந்தத் துளையில், எந்த அட்டை எந்தப் பட்டைக்கு அடியில் என்பதைக் கோட்டுப்படங்களாகக் காட்டுவது. இரண்டாவது, முதன்மைப் பாகப் பட்டியல். பாக எண், அது பொருந்தும் ஆண்டுகள், மாதிரி எண் ஆகியவற்றைச் சொல்வது. மூன்றாவது, பழுதுபார்ப்புக் கையேடு. நான்காவது, விற்பனையாளர்களுக்கென நிறுவனம் அச்சிட்ட தகவல் புத்தகம். நிறங்கள், உள்ளலங்கார வகைகள், விருப்பச் சாமான்கள் அதில் இருக்கும். நான்குக்கும் மறுபதிப்புகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான் 25 முதல் 50 டாலர்வரை கொடுத்தேன். ஜெனரல் மோட்டார்ஸின் மரபு ஆவணப் பிரிவு ஆண்டு வாரியாக வாகனத் தகவல் தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறது. முதலில் அதைத் தேடிப் படித்துவிட்டால் தகவல் புத்தகத்தின் பெரும்பகுதி வேண்டியிருக்காது. அதற்கப்பாலும் ஐயம் இருந்தால், பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் உள்ள அமெரிக்கத் தொன்மை வாகனக் கழகத்தின் நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். வரிசை எண்ணையும், ஒரே ஒரு தெளிவான கேள்வியையும் எழுதுங்கள். ‘என் வண்டியின் உள்பகுதி எப்படி இருந்தது?’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பாகப் பட்டியலைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. அது பழுதுபார்ப்புக்காக அச்சிடப்பட்டது. பழைய பாகத்தின் உற்பத்தி நின்ற பிறகு, அதற்குப் பதிலாகப் பூட்டக்கூடிய புதிய பாகத்தின் எண்ணையே பிந்தைய பதிப்புகள் தரும். ஆகவே, 1953ஆம் ஆண்டுப் பட்டியலில் 1949 வண்டிக்குப் போட்டிருக்கும் எண், 1949இல் பூட்டிய பாகத்தின் எண்ணாக இருக்கவேண்டியதில்லை. கிடைத்தால் உங்கள் வண்டியின் ஆண்டை ஒட்டிய பதிப்பையே வாங்குங்கள்.

விளம்பரக் கையேட்டுப் படங்களைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அவை ஓவியர் தீட்டியவை; விலை கூடிய டீலக்ஸ் கேபினையே அவை பெரும்பாலும் காட்டும். கண்காட்சியில் மின்னும் வண்டிகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவற்றில் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்தவை. ஒருவர் செய்த பிழையை இருபது பேர் அசல் என்று வணங்குவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

6. பாகங்களை வாங்குதல்

முன்னுரிமை வரிசை இது: உங்கள் வண்டியின் சொந்தப் பாகத்தைச் சீரமைத்தல், அதே ஆண்டு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகம், அந்தக் காலத்திலேயே செய்து விற்காமல் பெட்டியில் கிடந்த பழைய இருப்பு, கடைசியாக, இன்று செய்யப்படும் நகல். பழைய இருப்பை மூன்றாவதாக வைத்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மேலே சொன்ன பதிலிப் பாகச் சிக்கல் அதில்தான் அதிகம். பெட்டியில் சரியான எண் இருக்கும், உள்ளே பிந்தைய வடிவம் இருக்கும். பெட்டிக்கே 100 டாலர் கூடுதலாகக் கேட்பார்கள்.

பயன்படுத்திய பாகம் வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: பாகத்தின் முதுகுப்புறப் படம், அது கழற்றப்பட்ட வண்டியின் தகட்டுப் படம், அளவுகோல் பக்கத்தில் வைத்த படம். இரண்டாவதைத் தர முடியாதவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மீட்டர்களின் முகப்பில் ‘ஏ.சி.’ என்ற முத்திரை இருக்கும். அது குளிர்சாதனத்தைக் குறிப்பதன்று. மீட்டர்களைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவின் பெயர். அதே நிறுவனத்தின், ஒரே கேபின் உடல் கொண்ட ஜி.எம்.சி. பிக்கப்பின் மீட்டர்கள் கூட்டில் கச்சிதமாகப் பொருந்தும், முகப்பு எழுத்துதான் வேறு. அவசரத்தில் அதை வாங்கிவிடாதீர்கள்.

ஒவ்வோர் அக்டோபரிலும் ஹெர்ஷியில் கூடும் பழம்பாகச் சந்தை இந்த வேலைக்கு மிக உதவும். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதே அதன் முதன்மையான நன்மை: அசல் கண்ணாடிக் கைப்பிடி கனமாக இருக்கும், நகலின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். உங்கள் பாகத்தின் உண்மை அளவுப் படங்களையும் அந்தச் சிறு துணித்துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். நினைவை மட்டும் நம்பி அங்கே போகக் கூடாது.

நகலை வாங்கியே ஆக வேண்டியவையும் உண்டு. உள்கூரை அட்டை, கையுறைப் பெட்டி, தடுப்புச் சுவர் இன்சுலேஷன், ரப்பர் விரிப்பு ஆகியவை எழுபது ஆண்டு தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இவற்றை வாங்குமுன் ‘பொருந்துமா?’ என்று கேட்காமல் ‘எந்த மாதிரியைப் பார்த்து நகலெடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். நேரான பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

7. மீட்டர்களும் வயரிங்கும்

வெப்பமானியைக் கழற்றும்போது அதன் பின்னால் எஞ்சின்வரை செல்லும் மெல்லிய செம்புக் குழாயை வெட்டவோ மடக்கவோ கூடாது. அது மின்கம்பி அன்று; உள்ளே ஈதர் அடைத்த குழாய். எஞ்சின் முனையில் உள்ள குமிழோடு சேர்த்து முழுதாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். குமிழ் துருவில் இறுகியிருந்தால், நாள்கணக்கில் துரு எண்ணெய் ஊற்றிக் காத்திருங்கள். நான் காத்திருக்கவில்லை, குழாய் முறுக்கிக்கொண்டு அறுந்தது, புதிய குழாயை இணைத்து ஈதர் அடைத்துத் தர 150 டாலரும் பத்து வாரமும் ஆயின.

எண்ணெய் அழுத்தமானியில் மேல் எண் 30 என்றிருந்தால் அது 216 கன அங்குல எஞ்சினுக்குரியது. அந்த எஞ்சினின் அழுத்தமே குறைவுதான். பின்னாளைய 235 கன அங்குல எஞ்சினை மாட்டிய பலர் 60 எண்ணிட்ட மானியையும் சேர்த்து மாற்றியிருப்பார்கள். உங்கள் வண்டியில் எது இருக்கிறது, எது இருந்திருக்க வேண்டும் என்பதைத் தகட்டோடு ஒப்பிடுங்கள்.

இந்த வண்டிகளின் மின்சாரம் 6 வோல்ட். யாராவது 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால், அசல் மீட்டரையும் விளக்கையும் பூட்டுமுன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். தவறினால் எரிபொருள் மானி கருகிவிடலாம். வயரிங் கட்டுக்குப் பருத்தி நூல் பின்னிய உறையோடு நகல்கள் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் உறைக் கம்பியைவிட விலை கூடுதல். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும். எனக்கு அது வேண்டியிருந்தது.

8. பூட்டும் வரிசை

1949 முதலான வண்டிகளில் டாங்கி சீட்டுக்குப் பின்னால் இருப்பதால், கேபினுக்குள் வெல்டிங் வேலை எதுவானாலும் முதலில் டாங்கியை வண்டியிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். காலி டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது. திரும்பப் பூட்டும்போது, நிரப்பு வாய் கேபின் சுவரைக் கடக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். ‘பழைய வண்டி என்றால் பெட்ரோல் வாசனை வரத்தான் செய்யும்’ என்பவர்கள் அந்த வளையத்தைப் பார்க்காதவர்கள்.

பெயின்ட், தடுப்புச் சுவர் இன்சுலேஷன், வயரிங், மீட்டர், உள்கூரை, டாங்கி, தரை விரிப்பு, சீட் என்ற வரிசை எனக்கு ஒத்துவந்தது. உள்கூரை அட்டையைப் பூட்ட இருவர் வேண்டும்; சீட்டும் ஸ்டீயரிங்கும் இல்லாத கேபினில்தான் அதை வளைத்து ஏற்ற இடமிருக்கும். ரப்பர் விரிப்பைச் சுருளோடு போடாமல், ஒருநாள் முழுவதும் வெயிலில் தட்டையாகப் பரப்பி வைத்துவிட்டுப் போடுங்கள்.

9. செலவும் காலமும்

என் கணக்கு இது. உங்களுடையது வண்டியின் நிலையைப் பொறுத்து மாறும். ஆவணங்களுக்கு 140 டாலர். உள்கூரை, கையுறைப் பெட்டி, இன்சுலேஷன் அட்டைகளுக்கு 330. ரப்பர் விரிப்பும் சணல் அடிவிரிப்பும் 180. வயரிங் கட்டு 420. வேகமானியும் மற்ற மீட்டர்களும் சீரமைப்பு உட்பட 510. கைப்பிடிகள், குமிழ்கள், சில்லறைச் சாமான்கள் 260. சீட்டுக்குத் துணியும் கூலியும் 900. ஸ்டீயரிங்கின் விரிசல்களை எபாக்சியால் நானே அடைத்துப் பெயின்ட் அடித்ததற்கு 60. வெளியே கொடுத்திருந்தால் இதுபோலப் பத்து மடங்கு ஆகியிருக்கும். மொத்தம் 2800 டாலர். இதில் முதல் மாலையின் 600 சேராது.

காலம் பதினான்கு மாதம். அதில் கைவேலை ஏழெட்டு வாரத்தைத் தாண்டாது. மீதி முழுவதும் காத்திருப்பு. மீட்டர் சீரமைப்பவர்களிடம் இரண்டு, மூன்று மாத வரிசை இருப்பது சாதாரணம். ஆகவே, கழற்றிய முதல் வாரத்திலேயே மீட்டர்களை அனுப்பிவிடுங்கள். தடயம் தேடும் வேலையை அந்த இடைவெளியில் செய்யலாம். அனுப்புமுன் வேகமானியின் மைல் எண்ணிக்கையைப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

10. அசலிலிருந்து தெரிந்தே விலகுதல்

இந்த வண்டிகளில் சீட் பெல்ட் கிடையாது. நான் இரண்டு மடிப் பெல்ட்டுகள் போட்டிருக்கிறேன். தரைத் தகட்டுக்கு அடியில் தடித்த எஃகுத் தகடு வைத்து, இருக்கும் துளைகளைக் கெடுக்காமல் பூட்டினேன். இதைக் குறை சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை.

போட்டிக்கு வண்டியைக் கொண்டுசெல்ல விரும்பினால், அமெரிக்கத் தொன்மை வாகனக் கழகத்தில் 400 புள்ளி முறையில், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவார்கள் என்பதையும், வழக்கத்துக்கு மாறான எதற்கும் சான்று காட்டும் பொறுப்பு உங்களுடையது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அதற்காக ஒரு கோப்பு தொடங்குங்கள்: தகட்டுப் படம், மறைவிட நிறத்தின் படம், பாகப் பட்டியலின் அந்தப் பக்கம், ரசீதுகள் ஆகியவை பாகம் வாரியாக அடுக்கப்பட்டிருக்கட்டும். அந்தக் கோப்பில் அசல் ரெக்சின் துண்டுக்கும் ஓர் உறை வையுங்கள். சீட் தைப்பவரிடம் மாதிரிக்கு அதைக் கொடுக்கும்போது, பாதியை வெட்டிவைத்துக்கொண்டு மறுபாதியை மட்டும் கொடுங்கள். நான் முழுவதையும் கொடுத்தேன். சீட் வந்தது, துண்டு வரவில்லை.